எழுத வராத பிள்ளைக்கு முதலில் பென்சில் வேண்டாம்

எல்கேஜி சேர்த்த சில மாதங்களில் ராமேஸ்வரம் வட்டாரத்து ஊர்களான மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து அம்மாக்கள் வருவார்கள். "பிள்ளைக்கு எழுதவே வரலை, விரலுக்கு ஏதாச்சும் பயிற்சி சொல்லுங்க" என்பார்கள். பிசியோதெரபிஸ்டாக நான் விரலைக் கடைசியில்தான் பார்ப்பேன். பிள்ளை சம்மணம் போட்டுச் சாயாமல் உட்காருகிறதா, கையை ஊன்றித் தவழ முடிகிறதா என்பதுதான் முதலில். முதுகும் தோளும் நிலையாக நின்றால்தான் விரல் தன் வேலையைச் செய்யும். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக எலும்பாக மாறப் பல வருடம் ஆகும். மூன்றரை வயதில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதில் எனக்குச் சம்மதமே இல்லை.

முதுகுக்கும் தோளுக்கும் வேண்டிய வலு கடற்கரை மணலில் கிடைக்கும். காலடியில் மணல் நழுவ நழுவ, கணுக்காலும் இடுப்பும் சமாளித்துக்கொண்டே இருக்கும். ஈர மணலில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு ஊற்றட்டும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வேலை. ஆனால் தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றில் தென்கடல் பக்கமும், வடக்கிலிருந்து வரும் வாடையில் வடகடல் பக்கமும் வேண்டாம். எந்த நாளிலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பாட்டில் துண்டு, ஜெல்லி மீன் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

நுங்கு தின்றதும் மட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்குச்சியால் தள்ளினால் வண்டி. அது சாயாமல் ஓட கண், கை, கால் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டும். நான்கைந்து வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கருவி என்னிடம் இல்லை.

விரலுக்கு என்றால் நான் முதலில் கேட்பது, வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதா என்றுதான். சோழிகளை அள்ளி, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குழியில் விட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பிடித்துக்கொள்ள, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தனியே அசையும். பென்சில் பிடிக்கவும் இதே பிரிவினைதான் தேவை. (மூன்று வயதுக்குக் கீழே சோழி, புளியங்கொட்டை எதுவும் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.) அப்பத்தா ஓலைப்பெட்டி முடையும்போது பக்கத்தில் நாலு கீற்றைக் கொடுத்து உட்கார வைக்கலாம். பூண்டு உரிப்பது, கைக்குட்டை பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது எல்லாமே நல்லவை. சிந்தும், நேரமாகும், சரி, ஆகட்டும். அவசரத்தில் நாமே பட்டன் போட்டு, நாமே ஊட்டிவிடும்போது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பழக்கம் போய்விடுகிறது. அதுவும் போனைக் காட்டி ஊட்டினால், கண்ணுக்கும் கைக்கும் தொடர்பே இல்லாமல் சோறு உள்ளே போகிறது. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், திரை 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

உட்கார வைத்து ஓட்டும் வாக்கர் வாங்கவே வேண்டாம். அதைவிடப் பழைய மர நடைவண்டியே நல்லது. பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது.

அப்புறம், விளையாட்டால் மட்டும் சரியாகாதவையும் உண்டு. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் நீட்டினால் "இடதுகைக்காரன்" என்று பெருமைப்பட்டுவிட்டு விடுகிறார்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் மறு கையில் பலவீனம் இருக்கலாம். 18 மாதமாகியும் தனியே நடக்காதது, எப்போதும் நுனிக்காலிலேயே நடப்பது, வந்த திறமை திரும்பிப் போவது, இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பரிசோதிக்க ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் அழைத்துப் போய், நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள். அவர்கள் வர நாளாகும் என்றால் அரசு மருத்துவமனைக்கு நீங்களே கொண்டு போங்கள்.