முனகுகிற குழந்தையும் பாதி ஊதிய பலூனும்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். ராத்திரி 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாராம், உடனே ஆக்ஸிஜன் வைத்துவிட்டாராம். எப்படித் தெரிந்தது?

சட்டையைத் தூக்கியது மூச்சைப் பார்க்க. இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, எத்தனை வேகம் என்று. இந்த வயதில் நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலே வேகம்தான், ஒரு வயது தாண்டினால் 40.

பேசாமல் இருக்கச் சொன்னாரே, அது முனகலைக் கேட்க. ஒவ்வொரு மூச்சை விடும்போதும் 'ம்ம்... ம்ம்' என்று சின்னதாக ஒரு சத்தம். வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுப்போம். ஆனால் குழந்தை அங்கே ஒரு அபார வேலை செய்துகொண்டிருக்கிறது. புது பலூனை ஊதிப் பாருங்கள், முதல் ஊதல்தான் கஷ்டம், கொஞ்சம் காற்று உள்ளே நின்றுவிட்டால் அப்புறம் சுலபம். நுரையீரலின் காற்றுப் பைகளும் அப்படித்தான். நிமோனியாவில் நீர் கோத்த பைகள் மூச்சை விட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதனால் குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுகிறது, காற்று முழுக்க வெளியேறாமல் உள்ளே அழுத்தம் நிற்கிறது, பைகள் திறந்தே இருக்கின்றன. அந்த இடுக்கில் வரும் சத்தம்தான் முனகல். பச்சிளங்குழந்தை வார்டில், குழந்தை விடும் மூச்சு வெளியேறும் பிளாஸ்டிக் குழாயின் நுனியைத் தண்ணீரில் 5 சென்டிமீட்டர் முக்கிவைத்து இதே அழுத்தத்தைத்தான் உண்டாக்குகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எட்டு மாதக் குழந்தை அதைச் செய்கிறது!

முனகலைக் கேட்டுச் சொல்லும் செயலிக்கு யாராவது நிதி கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், குழந்தை விரலுக்குப் பொருந்தும் ஆக்ஸிமீட்டர் கிளிப் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் முதலில் வரட்டும். மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பதானால் தெளியுங்கள், 108-க்குப் போன் போட்ட பிறகு.

இந்த முனகலில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்படி முக்கி முக்கி மூச்சு விட்டால் தசை களைத்துப்போகும். அப்போது முனகல் நின்றுவிடும், மூச்சும் நிதானமாகும், 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று தோன்றும். எழுப்பினால் கண் திறந்து முகத்தைப் பார்க்கிறானா, உதடு நீலம் பாய்கிறதா என்று அப்போதுதான் பார்க்க வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அந்த 108-காரர் குழந்தையின் வாய்கிட்டயே காதை வைத்திருந்தார் என்று வாசகி எழுதியிருந்தார். அவர் பயந்தது முனகலுக்கு அல்ல, அது நின்றுவிடுமோ என்றுதான்.