பொடி லிப்ட்: தூக்குவது எதை?

அக்காவின் மகன் ஒரு பழைய ஹைலக்ஸ் கெப், அதாவது பிக்கப் வண்டி, வைத்திருக்கிறான். வயல் படுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் பக்கத்துக் கரைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். கடலோரப் பக்கம் எழுவான்கரை. மாரி தொடங்கினால் வயலுக்குப் போகும் கிறவல் றோட்டு கரைந்து, கடைசி இரண்டு கட்டை (மைல்) தூரமும் உழவு மெஷின் உழுத சேறாகிவிடும். கெப்புக்குப் பெரிய டயர் போடப் போகிறானாம், அதற்கு முதல் 'பொடி லிப்ட் கிட்' வேண்டுமாம். அது என்னவென்று கேட்டேன். போனில் மொழிபெயர்ப்பை எடுத்துக் காட்டினான்: 'உடல் தூக்கும் கருவி'.

பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தா. "ஆர்ர பொடிய மனே தூக்கப் போறாய்?"

அம்மாவில் பிழையில்லை. எங்கள் பேச்சில் பொடி என்றால் தூள், பொடியன் என்றால் பையன், செத்த வீட்டில் 'பொடி எடுக்கிற நேரம்' என்றால் பிரேதம் எடுக்கும் நேரம். ஒலி கொஞ்சம் நீண்டால் போடி. காணிக்காரப் பெரியவரைப் போடியார் என்று இன்னும் சொல்கிறோம். பிரேதத்துக்குச் சொல்கிற பொடியும் வாகனத்துக்குச் சொல்கிற பொடியும் ஒரே ஆங்கிலச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது 'பொடிய்' என்பது போல ஒலித்தது, பொருள் உடம்பு. குதிரை வண்டி கட்டியவர்கள், சில்லும் அச்சும் உள்ள அடிப்பாகத்தைத் தனியாகவும் ஆட்கள் இருக்கும் மேற்பாகத்தைத் தனியாகவும் செய்தார்கள். அந்த மேற்பாகத்துக்கு 'பொடி' என்று பேர் வந்தது. மோட்டார் வந்தபோது சொல்லும் கூடவே வந்துவிட்டது. ஆகவே வாகனத்தின் பொடி என்பது முழு வாகனம் அல்ல, மேலே இருக்கும் பாதி மட்டும். 'உடல் தூக்கும் கருவி' சறுக்குகிற இடம் இதுதான். உடல் என்றால் தமிழில் முழு உடல்.

கீழே இருக்கும் பாதிக்குக் கராஜில் 'செசி' என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல், பொருள் சட்டம். அதன் வேர் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் 'கப்சா'. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்பதும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது; முதலில் காசுப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருந்த பணம். வேடிக்கை என்னவென்றால், கீழைத்தேயச் சில்லறை நாணயத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு. அது நம்முடைய 'காசு' போர்த்துக்கேயர் வாய் வழியே போய்ச் சேர்ந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறந்த வீடு வேறு.

இந்தச் செசிக்குத் தமிழில் சொல் தேடி மினக்கெடத் தேவையில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகிறார். எருது இளையது, நுகம் பழகாதது. வண்டியில் பாரமோ பெரிது. 'அவல் இழியினும் மிசை ஏறினும்', அதாவது பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் 'கீழ்மரத்து' ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். சேம அச்சு என்பது இன்றைய ஸ்பெயார் சில்லுக்கு மூத்த அண்ணன். என் கண் போனது கீழ்மரத்துக்கு. பாரம் ஏற்றும் மேற்பாகம் வேறு, அதைத் தாங்கும் கீழ்மரம் வேறு என்ற பிரிவு அந்த ஒரு சொல்லிலேயே கிடக்கிறது. இன்றைய செசி மரமில்லை, இரும்பு. ஆகவே 'அடிச்சட்டம்' என்று சொல்வேன்.

இனி, பொடி லிப்ட் செய்வது என்ன? கெப்பின் முன்கூடும் பின்தட்டும் அடிச்சட்டத்தின் மேல் நேராகக் குந்துவதில்லை. இடையிடையே தடித்த றப்பர் புஷ் வைத்து, போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அந்த இடங்களில், புஷ்ஷைக் கழற்றி எறியாமல் அதனோடு சேர்த்து, கனமான ஒரு வளையக் கட்டையை வைத்து, பழைய போல்ட்டுக்குப் பதிலாக நீளமான போல்ட் போட்டு மறுபடி இறுக்குகிறார்கள். பெரும்பாலும் 1 அங்குலம் முதல் 3 அங்குலம் வரை. அவ்வளவுதான். எஞ்சின், கியர்பெட்டி, அச்சு எல்லாம் அடிச்சட்டத்தோடு இருந்த இடத்தில் இருக்கும். மேலே உள்ளது மட்டும் உயரும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். மருமகனுக்கு அது விளங்க ஒரு பின்னேரம் பிடித்தது. பொடி லிப்ட் போட்டதால் மட்டும் வண்டியின் அடிவயிறு நிலத்திலிருந்து ஒரு நூலும் உயராது. சேற்றில் போய் முட்டுவது அச்சின் நடுவிலுள்ள டிபறென்ஷல் குண்டு, பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பெட்டி. அது சில்லோடு சேர்ந்தது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால், விட்டத்தில் கூடிய 2 அங்குலத்தில் பாதி, 1 அங்குலம், அச்சுக்குக் கிடைக்கும். அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் விடுவதுதான் பொடி லிப்டின் வேலை. (வேகமானியும் பிறகு பொய் சொல்லும்: அது 60 காட்டும்போது வண்டி 64இல் போகும்.)

அடிச்சட்டத்தையே அச்சிலிருந்து உயர்த்துவது வேறு வேலை. அதைக் கராஜில் சஸ்பென்ஷன் லிப்ட் என்பார்கள்; சஸ்பென்ஷன் என்பது அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையிலுள்ள ஸ்பிரிங் அமைப்பு. இரண்டையும் சேர்த்து 'வண்டியை உயர்த்தினேன்' என்று சொல்லிவிட்டால் கேட்பவருக்கு எது என்று தெரியாது, காசும் பிழையான சாமானுக்குப் போகும். ஸ்பிரிங் வைத்த மாட்டு வண்டிக்கு முன்னோர் வைத்த பேர் வில்லுவண்டி. ஸ்பிரிங்கை 'வில்' என்று கண்டது எவ்வளவு சரி: வளைந்து கொடுத்து நிமிர்வதுதானே வில். ஆகவே சஸ்பென்ஷன் லிப்டுக்கு 'வில் உயர்த்தல்' என்பதே என் சொல். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'தொங்கல் உயர்த்தல்' என்று எழுதலாம் என்பார்கள். எழுதலாம்தான், ஆனால் கேட்டவர் எது தொங்குகிறது என்று குனிந்து பார்ப்பார்.

பொடிக்கு என்ன வைப்பது? தமிழ்நாட்டில் பஸ்ஸுக்குப் பொடி கட்டுவதைக் 'கூண்டு கட்டுதல்' என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கூண்டு என்றதும் எனக்குக் கம்பியும் கிளியும் வந்துவிடுகின்றன. 'கூடு' அதைவிடப் பொருந்தும். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்னும்போது கூடு என்பது உடம்பேதான். குருவிக்கும் கூடு, உயிருக்கும் கூடு, வண்டிக்குள் இருக்கும் ஆளுக்கும் கூடு. ஆங்கிலக்காரன் உடம்பு என்று சொன்னதன் உட்பொருளும் போகவில்லை, முழு உடல் என்ற மயக்கமும் இல்லை. கூடு, உயர்த்தல் இரண்டையும் ஒட்டினால் 'கூட்டுயர்த்தல்' என்றாகி, நாலுபேர் கூடி உயர்த்துவது போல ஒலிக்கும். அதனால் 'மேற்கூடு உயர்த்தல்' என்று பிரித்து எழுதுவதே தெளிவு.

வினைச்சொல்லில் ஏன் 'தூக்குதல்' இல்லை? ஜக் தூக்குகிறது, வேலை முடிந்ததும் இறக்கிவிடுகிறது. கட்டை உயர்த்துகிறது, அது உயர்ந்தபடியே நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'லிப்ட்' என்ற ஒரு சொல்தான். அது ஸ்கண்டிநேவிய மொழியில் ஆகாயத்தைக் குறித்த சொல்லின் பிள்ளை, அந்தரத்துக்கு எடுப்பது என்பது பொருள். 'கிட்' என்பது டச்சுக்காரரின் மரக்குவளை. பிறகு சிப்பாயின் சாமான்களாகி, இப்போது எந்தத் தொகுதிக்கும் பேர். 'தொகுதி' என்று விட்டுவிடலாம், அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

'கெப்' மட்டும் மாறவேண்டாம். இலங்கையில் பிக்கப் வண்டிக்கு எல்லாரும் சொல்வது அதுதான். சொல்லின் கதையும் நம்முடைய றோட்டுக்கு எழுதியது போலவே இருக்கிறது. 'கப்ரியோலே' என்ற பிரெஞ்சு இலகு குதிரை வண்டியின் பேர் குறுகி வந்தது அது. அந்த வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடியதால் ஆட்டுத் துள்ளலின் பேரை வைத்தார்கள். வாடகைக் குதிரை வண்டியிலிருந்து ரயில் சாரதியின் அறைக்கும், அங்கிருந்து லொறியின் முன்கூட்டுக்கும் அந்தப் பேர் ஏறியது. இங்கே வந்து முழு வண்டிக்கும் ஆகிவிட்டது. பாணமையிலிருந்து உகந்தை முருகன் கோயிலுக்குக் கெப்பின் பின்தட்டில் இருந்து போனவர்களுக்கு ஆட்டுத் துள்ளலை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இவ்வளவையும் நான் கற்றது அகராதியில் பாதி, கராஜில் பாதி. மருமகனோடு போய் ஒரு நாள் முழுக்க ஸ்டூலில் இருந்து பார்த்தேன். போல்ட் கழற்றுவதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. கடற்காற்றில் நின்ற வண்டி. உப்பில் துருப்பிடித்து, ஒன்று தலை முறிந்து கையோடு வந்தது. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக், முதல் நாள் சொல்லாமல். பற்றரி வயரைக் கழற்றி, ஒரு பக்கத்து போல்ட்களை எடுத்து, மற்றப் பக்கத்தை இளக்கி மட்டும் விட்டு, ஜக்குக்கும் கூட்டுக்கும் இடையில் பலகை கொடுத்து மெல்ல மெல்ல உயர்த்தினார். கட்டை வைத்து இறக்கி, பிறகு மற்றப் பக்கம். முன்கூட்டுக்கு எவ்வளவோ பின்தட்டுக்கும் அவ்வளவு. இல்லாவிட்டால் வண்டி குந்தியிருக்கும் ஒட்டகம்.

உயர்த்தும்போது இழுபடுவது எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஸ்டியரிங் தண்டு மேலிருந்து கீழே போவது, அதற்கு நீட்டுத்துண்டு வேண்டும். பிரேக் குழாய், கைப்பிரேக் கம்பி, டீசல் ஊற்றும் குழாய் எல்லாம் ஒரு பாதி மேலே, ஒரு பாதி கீழே. காற்றாடி எஞ்சினோடு கீழே நிற்க, ரேடியேட்டரும் அதன் உறையும் கூட்டோடு மேலே போகும். உறையை இறக்கிப் பூட்டாவிட்டால் காற்றாடி அதில் அடிக்கும். கியர்த்தடி கூட்டுக்குள் 2 அங்குலம் அமிழ்ந்துபோனது. முன் பம்பர் அடிச்சட்டத்தோடு நின்றதால் அதற்கு மேலே பல்விழுந்த வாய் போல ஓர் இடைவெளி. அதற்குத் தனியாக இரும்புத்துண்டு அடிக்க வேண்டியிருந்தது. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வரச் சொன்னார். அவன் இன்னும் போகவில்லை.

இடையில் வைக்கும் அந்த வளையக் கட்டைக்குரிய 'ஸ்பேசர்' என்ற ஆங்கிலச் சொல்லை அந்தக் கராஜில் யாரும் சொல்லவில்லை. 'கட்டை' என்றே சொன்னார்கள்: "ரெண்டு இஞ்சிக் கட்டைய எடு." நான் 'இடைவளையம்' என்று ஒன்றைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை அங்கேயே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: பேர்தான் கட்டை, மரத்தில் வெட்டி வைக்கக்கூடாது. தண்ணீரில் ஊறி நசியும், இறுக்கம் விடும். நைலோன், பொலியூரித்தேன், அலுமினியம், இவற்றில் வார்த்ததோ கடைந்ததோதான் சரி.

பொழுதுபட வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி என்றால் வண்டியின் கூடு, அதற்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துகிறார்கள் என்று. அம்மா பாக்கை ஒதுக்கிக்கொண்டு யோசித்தா. இந்தக் கட்டை எப்ப வேகுமோ என்று தன்னைப் பற்றி நாளுக்கு நாலு முறை சொல்கிறவ.

"அப்ப கட்டைக்குக் கீழ கட்டை வெச்சிருக்கான்," என்றா.