பொம்மைக் கட்டிலில் விறைத்து நிற்கும் குவில்ட்

வண்ணத் துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். அதையே பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், பொம்மை வீட்டுக் கட்டிலுக்காகக் கையால் தைப்பவர்கள் இருக்கிறார்கள். மொத்தமும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும், வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் சதுரத்திலேயே குட்டு உடைந்துவிடும். வடிவத்தைச் சின்னதாக வரையலாம். துணியின் தடிமனை என்ன செய்வது?

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள் வரும் 'நைன் பேட்ச்' என்ற பழைய வடிவத்தைப் பார்ப்போம். தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் விடுவது வழக்கம். 3 அங்குலச் சதுரம் வேண்டுமானால் மூன்றரை அங்குலம் வெட்டுவார்கள். கால் பங்கு துணிக்குச் சற்று அதிகமாக உள்ளே மறையும், அவ்வளவுதான். கால் அங்குலச் சதுரத்துக்கோ முக்கால் அங்குலம் வெட்ட வேண்டும். பரப்பைக் கணக்குப் போட்டால், ஒன்பதில் எட்டுப் பங்கு துணி உள்ளே ஒளிந்திருக்கும்! அதனால் தைத்ததும் ஓரத்தை அரைக்கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டருக்கு, நறுக்கிவிடுகிறார்கள். அதையும் தாண்டி ஒட்ட நறுக்கினால் இழை பிரிந்து தையல் விட்டுப்போகும்.

நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலைதான் உண்மையான தலைவலி. ஓரங்களை எல்லா வரிசையிலும் ஒரே பக்கமாக மடித்துத் தேய்த்தால், மூலையின் ஒருபுறம் 9 மடிப்புத் துணி சேரும், மறுபுறம் 3 மட்டுமே. பெரிய போர்வையில் இது கண்ணில் படாது. இங்கே குன்றுபோல நிற்கும். ஒரு வரிசையை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மடித்தால் 7, 5 என்று கிட்டத்தட்டச் சமமாகிவிடும். எளிய தந்திரம்தான், ஆனால் விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

சரி, தைத்தாயிற்று. கட்டிலில் போட்டால் போர்வை தொங்காமல் அட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏன்? துணிப் பட்டையை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, தன் எடையாலேயே அது எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்து விறைப்பை அளக்கும் முறையை துணி ஆய்வாளர் எஃப். டி. பியர்ஸ் 1930இல் விளக்கினார். விஷயம் அதில்தான் இருக்கிறது. துணியை வளைப்பது அதன் எடை. லேசாக வளையும் துணியில், தொங்கும் நீளம் பாதியானால், அந்த நீளத்தோடு ஒப்பிடும்போது வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால் வளைவு 1,728இல் ஒரு பங்கு! தான் பொம்மைக்குப் போர்வையாகப் போகிறோம் என்று துணிக்குத் தெரியாதே. ஆகவே பஞ்சுக்குப் பதில் மெல்லிய ஃபிளானல் (மெத்தென்ற துணி) ஒன்றை மட்டும் உள்ளே வைக்கிறார்கள். மேலேயும் கீழேயும் கிடைப்பதிலேயே மெல்லிய பருத்தி.

கடைசியாக மேலே ஓடும் தையல். தேர்ந்த கை பெரிய குவில்ட்டில் அங்குலத்துக்கு 10, 12 தையல் போடும். அதே விகிதத்தில் சுருக்கினால் அங்குலத்துக்கு 120 முதல் 144 வரை வேண்டும். ஆனால் சாதாரணப் பருத்தித் துணியில் அங்குலத்துக்குச் சுமார் 70 இழைதான் இருக்கிறது. ஊசி ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழும் போயாக வேண்டும் என்பதால், எவ்வளவு நுணுக்கமான கையாக இருந்தாலும் 35ஐத் தாண்ட வழியில்லை. ஆக, குட்டிக் குவில்ட்டின் தையல் எப்போதுமே அளவுக்கு மீறிப் பெரியதுதான். துணியின் நிறத்திலேயே மெல்லிய நூலாக எடுத்து அதை மறைத்துவிடுகிறார்கள்.