மடைமாற்றி: ‘ஸ்மார்ட் இரிகேஷன் கண்ட்ரோலர்’ தமிழில் என்ன?

அக்கா மகன் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாசலில் 200 சதுர மீட்டருக்குப் புல்தரை. கார் நிறுத்தும் அறைச் சுவரில் பழைய டைமர் பெட்டி ஒன்று இருந்தது. வெளியே மழை கொட்டினாலும் காலை 5 மணிக்குத் தவறாமல் தண்ணீர் தெளித்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, தேவை பார்த்துத் தானே தண்ணீர் விடும் ஸ்மார்ட் இரிகேஷன் கண்ட்ரோலர் மாட்டப் போவதாகச் சொன்னவன், “எதை வாங்கலாம் மாமா? அப்புறம், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்று கேட்டான். இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் போனதில்தான் முதல் கேள்வியும் எனக்கு விளங்கியது.

அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் போட்டால் ‘திறன்மிகு நீர்ப்பாசனக் கட்டுப்படுத்தி’ என்று வரும். தப்பில்லை. ஆனால் அரசாணை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. ‘கண்ட்ரோலர் எரிஞ்சுபோச்சு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

முதலில் கண்ட்ரோல். இது அதிகாரத்தில் பிறந்த சொல் இல்லை, கணக்கில் பிறந்த சொல். இடைக்கால லத்தீனில் ‘கான்ட்ராரோட்டுலஸ்’ என்றால் எதிர்ச்சுருள். ஒருவர் எழுதிய கணக்குச் சுருளைச் சரிபார்க்க இன்னொருவர் தனியாக எழுதி வைத்திருக்கும் மறுசுருள் அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கண்ட்ரோலர் என்பவர் கணக்கை ஒத்துப்பார்க்கும் ஆள். அரசுக் கணக்கைத் தணிக்கை செய்பவரை ‘கம்ப்ட்ரோலர்’ என்று விநோதமாக எழுதுகிறார்களே, அதுவும் இதே சொல்தான். ‘கணக்கு’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டு யாரோ நடுவில் இரண்டு எழுத்தைச் செருகிவிட்டார்கள். அடக்கி ஆளும் பொருளெல்லாம் பிறகு ஏறியது. நாம் அந்தப் பிற்காலப் பொருளை மட்டும் எடுத்துக் ‘கட்டுப்படுத்தி’ ஆக்கிவிட்டோம்.

ஸ்மார்ட் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அது சுரீர் என்ற வலி. இன்றைக்கும் புகை பட்டுக் கண் எரிவதை ஆங்கிலத்தில் அந்த வினையால் சொல்வார்கள். சுரீர் என்பது கூர்மையாகி, கூர்மை சுறுசுறுப்பாகி, சுறுசுறுப்பு புத்திசாலித்தனமாகிக் கடைசியில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. தமிழில் இதை இடத்துக்கு இடம் வேறு விதமாகச் சொல்கிறோம். ஸ்மார்ட் சிட்டி சீர்மிகு நகரம், ஸ்மார்ட் வகுப்பறை திறன்மிகு வகுப்பறை, ஸ்மார்ட்போன் திறன்பேசி. என்னைக் கேட்டால் பொருளுக்கு நெருக்கமாக வருவது ‘சூட்டிகை’தான். சூட்டிகையான பிள்ளை என்கிறோமே, அதில் சூட்டின் வாடை இருக்கிறது. அங்கே எரிச்சல், இங்கே சூடு. இரண்டும் புத்தியில் போய் முடிகின்றன. சூட்டிகைப் பேசி என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு தண்ணீர்ப் பெட்டியைச் சூட்டிகை என்று சொன்னால், அது எதைப் பார்த்துப் புத்திசாலித்தனம் காட்டுகிறது என்பது தெரியவில்லை. வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

இரிகேஷன் எளிது. லத்தீனில் ‘ரிகாரே’ என்றால் நனைத்தல். தமிழ் இந்த வேலையை நனைத்தலாகப் பார்க்கவில்லை; பாய்ச்சுகிறோம், கட்டுகிறோம், திருப்பி விடுகிறோம். ‘தண்ணி கட்டப் போறேன்’ என்று மண்வெட்டியோடு கிளம்புகிறவர் வயலில் செய்வது என்ன? ஒரு வாய்க்காலின் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததின் வாயை வெட்டி விடுகிறார். பாத்தி நிறைந்ததும் மறுபடி மாற்றுகிறார். அந்த வாய்க்குப் பெயர் மடை. அந்த வேலைக்குப் பெயர் மடை மாற்றுவது.

டல்லாஸ் சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தால் நடப்பதும் இதேதான். தரைக்கடியில் பகுதிக்கு ஒரு வால்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. பெட்டி ஒரு கம்பியில் 24 வோல்ட் மாறுமின்சாரம் விட்டால் அந்த வால்வு திறக்கும், நிறுத்தினால் மூடும், பிறகு அடுத்தது. திறப்பது வால்வின் தலையில் உள்ள சோலனாய்டு. பாடநூலில் வரிச்சுருள் என்பார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர் உண்டாக்கிய சொல் அது. மூலம் கிரேக்கத்தில் ‘சோலேன்’, அதாவது குழாய், வாய்க்கால். ஆக, அந்தச் சின்னக் கம்பிச்சுருளின் பெயரிலேயே ஒரு வாய்க்கால் ஓடுகிறது!

எனவே கண்ட்ரோலருக்கு ‘மடைமாற்றி’ என்பதே என் பரிந்துரை. பிரச்சினையை மடைமாற்றுகிறார்கள் என்று அரசியல் கட்டுரைகளில் தினமும் படிக்கிறோம். உருவகம் புழக்கத்தில் இருக்கிறது, மூலப்பொருளைத்தான் மறந்துவிட்டோம். ஒரு வால்வு நனைக்கும் பகுதியை ஆங்கிலத்தில் ‘ஜோன்’ என்பார்கள்; அதை மண்டலம் என்று பெயர்க்கவும் வேண்டாம். மண்டலம் மாநகராட்சிக்கு இருக்கட்டும். புல்தரைக்கு மடை 1, மடை 2 போதும்.

இந்த வேலையைச் செய்த ஆட்களுக்கு ஏரிப்பாசன ஊர்களில் பெயர் இருந்தது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என்று வட்டாரத்துக்கு ஒன்று. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். கூலி விளைச்சலில் ஒரு பங்கு. கருவிக்கு நீர்க்கட்டி என்றே பெயர் வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இன்றைக்கு நீர்க்கட்டி என்று இணையத்தில் தேடினால் மகப்பேறு மருத்துவர்கள்தான் வருகிறார்கள். விட்டுவிட்டேன். இன்னொன்று: மடையைக் காத்தவர்தான் மடையன், அதுவே பிறகு வசைச்சொல் ஆனது என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முட்டாள் என்ற பொருளில் வரும் மடையன் மடம், மடமை என்ற சொற்களின் உறவு. வேறொரு மடையன் சமையற்காரர். அவர் மடைப்பள்ளியைச் சேர்ந்தவர்.

சரி, ஸ்மார்ட். பழைய டைமர் பார்ப்பது கடிகாரத்தை மட்டும். புதியவை வேறொன்றைப் பார்க்கின்றன, அதை வைத்து இரண்டு இனம். ஒன்று வானம் பார்ப்பது, மற்றது மண்ணின் ஈரம் பார்ப்பது. மழையை நம்பிய நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்று சொன்ன மொழியில், வானம் பார்க்கும் மடைமாற்றி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வானம் பார்ப்பதுதான் அந்தப் பழைய எதிர்ச்சுருள்காரர். வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் நான்கையும் வைத்து, மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியாக நீராவிப்போக்காகப் போவதும் சேர்ந்து இன்று எவ்வளவு என்று கணக்குப் போடும். இந்த நீராவிப்போக்கைத்தான் இலங்கைப் பாடநூல்களில் ஆவியுயிர்ப்பு என்கிறார்கள், அழகான சொல். நாள் இழப்பு 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெர்முடா புல்லுக்கு அதில் ஏறக்குறைய 0.6 பங்கு போதும், அதாவது 3.6 மி.மீ. (பெர்முடா புல் என்று நர்சரியில் விற்பது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்தான்.) ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். 200 சதுர மீட்டருக்கு நாளைக்கு 720 லிட்டர் செலவு. மூன்று நாளில் மண்ணின் கணக்கில் 10.8 மி.மீ. பற்று. நடுவில் 15 மி.மீ. மழை பெய்தால் பற்று தீர்ந்தது, மடை திறக்காது.

இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்றால், வானிலைத் தகவல் எங்கேயோ ஒரு நிலையத்திலிருந்து வருகிறது. கோடைமழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவைக் காய விடும். அதனால் கூரையோரம் ஒரு மழை உணரியும் (சென்சர்) வேண்டும். ஈரம் பார்க்கும் இனத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வேர் ஆழத்தில் புதைத்த உணரி போதிய ஈரம் இருக்கிறது என்று சொன்னால் பெட்டி அந்த முறையைத் தள்ளிவிடும். ஆனால் ஓரிடத்து ஈரம் எல்லா இடத்து ஈரமும் ஆகாது. நிழலில் புதைத்தால் வெயில் பக்கம் காயும். இரண்டு இனத்துக்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீர்ச் சிக்கனப் பொருள்களுக்குத் தரும் வாட்டர்சென்ஸ் முத்திரை உண்டு, முதலாவதற்கு 2011 முதல், இரண்டாவதற்கு 2021 முதல். முத்திரை இல்லாத ஸ்மார்ட்டில் பல, செல்போனில் தட்டினால் ஓடும் டைமர்தான். அதைத் தொலை டைமர் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அக்கா மகன் வானம் பார்ப்பதையே வாங்கினான். பழைய பெட்டியில் 6 வால்வுக் கம்பிகள் இருந்ததால் 8 மடை வரை இணைக்கக்கூடியதாக எடுத்தான். டல்லாஸ் நகரில் 2012 முதல் தோட்டத்துக்கு வாரம் 2 நாளுக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. வைகைப் பக்கம் முறைப்பாசனம் என்று செய்தி வருமே, அதே மாதிரி. அதனால் அனுமதித்த நாளை மட்டும் குறிக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இணையம் அறுந்தால் கடைசி அட்டவணைப்படி தானே ஓடுமா, மாதச் சந்தா கேட்குமா என்பதையும் விசாரித்தான்.

மாட்டிய முதல் வாரமே தண்ணீர் நடைபாதையைத் தாண்டித் தெருவில் ஓடியது. பெட்டி மேல் குறையில்லை. செயலி மண் வகை கேட்டபோது யோசிக்காமல் ‘வண்டல் கலந்தது’ என்பதைத் தொட்டிருக்கிறான். அப்போது அங்கே போயிருந்த அக்கா, வேலியோரத்தில் விரல் நுழையும் அளவு வெடித்திருந்த தரையைப் பார்த்துவிட்டு, “இது நம்ம கோவில்பட்டிக் கரிசல்டா” என்றாள். அவள் சொன்னது சரி. டல்லாஸைச் சுற்றியிருப்பது கருமண் புல்வெளி. நம் கரிசலும் அதுவும் மண்ணியலில் ஒரே இனம், வெர்டிசால். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊறி இறுகும், ஒரே மூச்சில் விட்ட தண்ணீரைக் குடிக்காது. மணிக்கு 40 மி.மீ. வேகத்தில் விசிறும் தெளிப்பானுக்கு 10.8 மி.மீ. என்பது 16 நிமிட வேலை. களிமண் என்று மாற்றியதும் பெட்டி அதை நாலு நாலு நிமிடமாக உடைத்து, இடையில் அரைமணி ஊறவிட்டது. தெருவில் ஓடுவது நின்றது.

இப்போது செயலியில் பகுதிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறான்: வாசல் மடை, ஓக் மரத்து மடை, வேலியோர மடை. ஆறாவதற்கு மட்டும் அம்மா மடை. அங்கே அக்கா புல்லைக் கொத்திவிட்டுக் கத்தரி நட்டிருக்கிறாள்.