சின்ன சோலார் கட்டுபடியாகுமா?

வீட்டுக்கு ஒரு கிலோவாட், அரைக் கிலோவாட் என்று சின்னதாக சோலார் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல பேனலின் விலை மட்டும் போதாது. அந்த வீட்டில் கரண்ட் எந்த நேரத்தில் செலவாகிறது என்பது தெரிய வேண்டும்.

முதலில் ஒரு பேனல் எவ்வளவு தரும் என்று பார்ப்போம். 400 வாட் என்று பின்பக்கத்தில் ஒட்டியிருப்பது ஆய்வகத்தில் அளந்த கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லின் (பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் துண்டு) வெப்பநிலை 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு அளப்பார்கள். நிஜத்தில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். நல்ல வெயில் அடிக்கும்போது கூரையில் இருக்கும் செல் 60 டிகிரி வரைகூட சூடேறும். சிலிக்கான் செல்லுக்குச் சூடு ஆகாது. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். 35 டிகிரி கூடினால் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போய்விடும். அதனால்தான் பேனலைக் கூரையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று ஓட இடைவெளி விட்டுத் தூக்கிப் பொருத்துகிறார்கள்.

இதோடு தூசி, ஒயர், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். எல்லாம் போக நான்கில் மூன்று பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க ஏறி இறங்கும் வெயிலை, ஆய்வகக் கணக்கின் 1000 வாட் முழு வெயிலாகச் சுருக்கினால், நல்ல வெயில் உள்ள ஊர்களில் ஒரு நாளுக்கு நாலரை மணி நேரம் தேறும். மேகம் அதிகமுள்ள குளிர்ப் பிரதேசங்களில் மூன்று மணி நேரம் தேறினாலே பெரிது. ஆக, நல்ல இடத்தில் 400 வாட் பேனல் ஒரு நாளைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை யூனிட் தரும். நடுத்தர அளவுள்ள புது ஃப்ரிட்ஜ் ஒன்று ஒரு நாளைக்கு எடுப்பது ஒரு யூனிட்டுக்கு உள்ளே. பேனல் தருவது அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இன்னும் நல்ல பேனல் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒளி சிலிக்கானில் பட்டு எலெக்ட்ரானை விடுவிப்பதில்தான் மின்சாரம் பிறக்கிறது. ஆற்றல் குறைந்த ஒளி எலெக்ட்ரானைக் கிளப்பாமல் கடந்துபோகும். ஆற்றல் மிகுந்த ஒளி கிளப்பிவிட்டு மிச்சத்தைச் சூடாக விடும். இந்த இழப்புகளைக் கணக்கிட்டு, ஒற்றை அடுக்கு செல்லால் மின்சாரமாக்க முடிகிற ஒளிக்கு ஒரு வரம்பு உண்டு என்று ஷாக்லி, குவைசர் என்ற இரு விஞ்ஞானிகள் 1961-லேயே காட்டிவிட்டார்கள்; இன்றைய கணக்கில் அது படும் ஒளியில் சுமார் 33 சதவீதம். 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் நடைமுறை செல் 6 சதவீதம். இன்று கடையில் கிடைப்பவை 20-ஐத் தாண்டிவிட்டன. இனி ஏறுவது மெல்ல மெல்லத்தான் ஏறும், அதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை.

சரி, யூனிட் கணக்கு முடிந்தது. கட்டுபடியாகுமா என்பது இங்கேதான் தொடங்குகிறது.

பேனல் வேலை செய்வது காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை என்று சொல்லலாம். அந்த நேரத்தில் ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜும் மோடமும், அணைக்காமல் விட்ட சில்லறைச் சாதனங்களும்தான். எல்லாம் சேர்த்து சராசரியாக 100, 150 வாட் வரும். நண்பகலில் பேனல் 300 வாட் தந்தால் பாதியோ அதற்கு மேலோ மிச்சம். அந்த மிச்சத்தை மின்வாரியம் எடுத்துக்கொண்டு பில்லில் முழு விலைக்குக் கழித்தால் நஷ்டமில்லை. சொற்ப விலைக்கு எடுத்தாலோ, எடுக்கவே இல்லை என்றாலோ, நீங்கள் பணம் போட்டு உற்பத்தி செய்த கரண்ட் உங்களுக்கு உதவாமல் போகும். வீட்டிலேயே செலவாகும் ஒரு யூனிட் மிச்சப்படுத்துவது, பில்லில் அந்த யூனிட்டுக்கு இருக்கும் முழு விலையை. சின்ன சோலாரின் பலமே இதுதான்: உற்பத்தி கம்மி என்பதால், பகலில் ஆளிருக்கும் வீட்டில் அனேகமாக முழுவதும் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடும். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் மாட்டி, 800 வாட் வரையிலான இன்வெர்ட்டரோடு சாதாரண பிளக்கில் செருகும் சோலார் இவ்வளவு பரவியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே எடுக்கலாம். ஒரு வாரத்துக்கு, காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளும் அதில் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பகல் செலவு. அது மூன்று யூனிட் என்றால், தினம் ஐந்து யூனிட் தரும் அமைப்பு உங்களுக்கு வேண்டாம். மிச்சத்துக்கு நல்ல விலை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

பகல் செலவை வேண்டுமென்றே கூட்டவும் வழி இருக்கிறது. வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், இஸ்திரி எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றலாம். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது வெந்நீர். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற சுமார் மூன்றரை யூனிட் வேண்டும். நல்ல உறை போட்ட தொட்டியில் மதியம் காய்ச்சி வைத்தால் ராத்திரி வரை சூடு நிற்கும். பேட்டரிக்கு ஆகும் செலவு இல்லாமல் பகல் வெயிலை ராத்திரிக்கு எடுத்துப்போகிறோம். ஆனால் சாதாரண ஹீட்டர் 2000 வாட் இழுக்கும்; அரைக் கிலோவாட் சோலாரால் அதை ஓட்ட முடியாது, மீதியை மின்கம்பியிலிருந்து வாங்கும். குறைந்த வாட் ஹீட்டரை நீண்ட நேரம் ஓடவிடுவதுதான் இதற்குப் பொருந்தும்.

பேட்டரி வாங்கினால் பிரச்சினை தீராதா என்றால், தீரும், ஆனால் கணக்கு மாறிவிடும். லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, ஒரு யூனிட் கொள்ளளவு என்று வைப்போம். ஆயுளைக் காப்பாற்ற ஒரு முறைக்கு 80 சதவீதம் மட்டும் எடுத்து, 4000 முறை பயன்படுத்தினால் மொத்தம் 3200 யூனிட் அதன் வழியே போகும். பேட்டரியின் விலையை 3200-ஆல் வகுங்கள். அதுதான் ஒவ்வொரு யூனிட்டையும் ராத்திரிக்குத் தள்ளிப்போட ஆகும் கூலி. அது மின்வாரியம் உங்களிடம் ஒரு யூனிட்டுக்கு வசூலிக்கும் விலையைத் தாண்டினால், பணத்துக்காக பேட்டரி வாங்குவதில் அர்த்தமில்லை. பழைய ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சட்டென்று குறையும், ஏற்றி இறக்குவதிலும் கூடுதலாக வீணாகும்.

கரண்ட் போகும்போது சோலார் காப்பாற்றும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறக்கூடாது. பேட்டரி இல்லாமல் மின்கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை வந்ததுமே தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருப்பவர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே விளக்கு எரியாது. மின்தடைக்கும் சேர்த்து வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

மின்கம்பியே எட்டாத இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 1958-ல் ஏவிய வேன்கார்ட் 1 செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. பேட்டரியில் ஓடியது சில மாதங்களில் ஓய்ந்தது. சோலார் செல்லில் ஓடியது 1964 வரை சிக்னல் அனுப்பியது. அன்றைய செல்லின் விலை எக்கச்சக்கம். ஆனால் அங்கே அதைவிட மலிவான மாற்று எது?

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொன்று நிழல். பேனலுக்குள் செல்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு குழாயை ஓரிடத்தில் நசுக்கினால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவது போல, ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் குறையும். இதைச் சமாளிக்க ஒரு பேனலில் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடு இருக்கும். நிழல் பட்ட மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதி வேலை செய்யும். முழு செல் பேனலில் இந்த மூன்று பங்குகளும் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரின் நிழல் அடி வரிசையில் மட்டும் விழுந்தால், மூன்று பங்கும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அதே பேனலைப் படுக்கைவாக்கில் வைத்தால் ஒரு பங்கு மட்டும் போகும். செல்களை இரண்டாக வெட்டிச் செய்த பாதி செல் பேனலில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி என்பதால் அடிநிழலில் மேல் பாதி தப்பிக்கும். ஒன்றிரண்டு பேனல்தான் இருக்கிறது எனும்போது நிழல் தரும் அடி பலமாக விழும். ஆர்டர் கொடுக்கும் முன் காலையிலும் மதியத்திலும் மூன்று மணிக்கும் கூரைக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சூரியன் தாழ்வாகப் போகும் மாதத்தில் அது இன்னும் நீளும்.

செலவுப் பக்கத்தில் சின்ன அமைப்புக்கு ஒரு பாதகம் உண்டு. பேனலைப் பாதியாக்கினால் பேனல் செலவு பாதியாகும். இன்வெர்ட்டர், தாங்கி, ஒயரிங், ஆள் கூலி அந்த அளவுக்குக் குறையாது. பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போல மங்கி 25 வருஷம் தாண்டியும் ஓடும். இன்வெர்ட்டரைப் பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம். எனவே மொத்தச் செலவை, வீட்டுக்குள் செலவாகும் யூனிட்டால் வருஷத்துக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். முதல் இன்வெர்ட்டரின் ஆயுளுக்குள், அதாவது பத்து வருஷத்துக்குள் பணம் திரும்பினால் நான் தயங்க மாட்டேன்.

அதற்கு மேல் இழுத்தால், அதே பணத்தை முதலில் வீட்டுக்குள் செலவழிப்பது மேல். 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு கரண்ட் கம்மியாக எடுக்கும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், தினம் 12 மணி நேர ஓட்டத்தில் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். அப்படி மூன்று ஃபேன் மாற்றினால் ஒரு 400 வாட் பேனல் நல்ல வெயிலில் தருவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும், ராத்திரியிலும் மழை நாளிலும் சேர்த்து.