சத்தம் போடுவது பெல்ட், தேய்ந்தது புல்லி

குன்னூரில் பனிக்காலத்துக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் ஸ்டியரிங் பம்பையும் சுற்றவைக்கும் பெல்ட் கொஞ்ச நேரம் கிரீச்சிடும். இரவெல்லாம் பனி இறங்கி ஈரமாகியிருக்கும். இரண்டு நிமிடம் ஓடினால் காய்ந்து, சத்தமும் அடங்கிவிடும். மலையில் வண்டி வைத்திருக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; நானும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பழைய டீசல் காரில் அதே சத்தம் மத்தியானமும் கேட்கத் தொடங்கியதும் ஒரு பட்டறையில் பெல்ட்டை மாற்றினார்கள். ஐந்தே மாதத்தில் புது பெல்ட்டின் ஓரம் நார் நாராகப் பிரிந்தது. மறுபடியும் பெல்ட் மாற்றினோம். அதுவும் நிலைக்கவில்லை. பர்லியாறு தாண்டி ஏறும்போது கழன்று விழுந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாக இறுகியது, பிரேக்கை மிதித்தால் கட்டையை மிதிப்பது போல இருந்தது.

குன்னூரில் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பெல்ட்டை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். "பெல்ட்டைப் பாக்காதீங்க சார், புல்லியைப் பாருங்க." என்ஜினின் அடிப்பக்கத்தில் சுற்றும் பெரிய புல்லியின் வெளிவட்டம், ரிம் நெளிந்த சைக்கிள் சக்கரம் போல உள்ளே போய் வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. நடுப்பகுதி ஆடவே இல்லை.

பட்டறைகளில் கிராங்க் புல்லி, டேம்பர் புல்லி என்று சொல்லும் இதற்குப் புத்தகப் பெயர் ஹார்மோனிக் பேலன்சர். பெல்ட்டைச் சுற்றவிடுவதுதான் இதன் வேலை என்று நினைத்திருந்தேன். அது கூடுதல் வேலைதான். பெரிய வேலை, பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை உடையாமல் காப்பது.

கிராங்க் ஷாஃப்ட் எஃகாக இருந்தாலும் முறுக்கினால் கொஞ்சம் முறுகும். ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது பிஸ்டன் தண்டை ஓங்கிக் குத்துகிறது. கியர்பாக்ஸ் பக்க முனையைக் கனமான ஃப்ளைவீல் பிடித்திருக்கிறது; அது சட்டென்று அசையாது. முன்முனையைப் பிடிக்க ஒன்றுமில்லை. அது ஒரு துளி முறுகி, உடனே ஸ்பிரிங் போலத் திரும்புகிறது. இந்த முறுக்கம் ஒரு டிகிரிகூடத் தேறாது. ஆனால் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு குத்து. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் வினாடிக்கு 100 குத்து.

இதோடு நின்றால் பரவாயில்லை. வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே ஒலிக்கும். என்ஜினின் குத்துக்குள்ளும் அப்படி மடங்கு அதிர்வுகள் இருக்கின்றன; ஹார்மோனிக் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். தண்டுக்கும் தனக்கென்று ஒரு இயல்பு அதிர்வு உண்டு. ஏதோ ஒரு வேகத்தில் இரண்டும் பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஆகிவிடும். மெல்லத் தள்ளினாலும் வீச்சு ஏறிக்கொண்டே போகும். தண்டு நீளமானால் ஆபத்தும் கூடும். அதனால்தான் கார்களின் ஆரம்ப காலத்தில் ஆறு சிலிண்டர் என்ஜின்கள் வந்தபோது கிராங்க் ஷாஃப்ட் உடைவது பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கு மருந்து தேடியவர்களில் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் முக்கியமானவர். 1910 வாக்கில் முறுக்கதிர்வை அடக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்றைய புல்லியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. தண்டோடு இறுகியிருக்கும் நடு வட்டு, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம். தண்டு சட்டென்று முன்னால் முறுகும்போது நடு வட்டும் கூடவே போகும். வெளிவளையம் கனமானது, அதனால் பின்தங்கும். இடையில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, தண்டைப் பின்னால் இழுக்கும். தண்டு திரும்பும்போது வளையம் எதிர்ப்பக்கம் போயிருக்கும். இந்த இழுபறியில் அதிர்வின் ஆற்றல் ரப்பருக்குள் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். எந்த அதிர்வெண்ணில் தண்டுக்கு ஆபத்தோ அதற்கென்றே ரப்பரின் விறைப்பையும் வளையத்தின் எடையையும் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். ஆகவே அளவில் பொருந்துகிறது என்று வேறு வண்டியின் புல்லியை மாட்டக் கூடாது.

ரப்பருக்கு வயதாகும். சூடு அதை இறுக்கும், கீறும். தண்டின் முன்முனையில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெயில் ஊறித் தளரும். நம் மலைப்பாதையில் இதற்கு வேலையும் அதிகம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1900 மீட்டர் ஏற்றம். சமவெளியில் ஒரே வேகத்தில் போகும் வண்டி மணிக்கணக்கில் ஒரே சுற்று வேகத்தில் ஓடும். இங்கே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியருக்கு இறங்கி, மறுபடி ஏறி, அந்த ஆபத்தான சுற்றுகளைத் திரும்பத் திரும்பக் கடக்கிறோம். சீசன் நெரிசலில் ஊர்ந்து ஏறும்போது பானட்டுக்குள் காற்றே போகாது.

அன்றைக்கு பிரேக் ஏன் இறுகியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். பெல்ட் போனால் பம்பும் நின்றுவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி இறக்கத்தில், 36 கொண்டை ஊசி வளைவுகளில், அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்னும் பதறுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ந்த பிறகும் நிற்காத கிரீச், அடிக்கடி ஓரம் பிரியும் பெல்ட், குறிப்பிட்ட சுற்றில் மட்டும் வரும் நடுக்கம், கொட்டாங்கச்சி தட்டுவது போன்ற சத்தம். இவற்றில் எது வந்தாலும் என்ஜினை அணைத்துவிட்டு ரப்பர் விளிம்பைப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா, ரப்பர் பிதுங்கி நிற்கிறதா? அப்புறம் அந்த மெக்கானிக் செய்ததைச் செய்யலாம். நடு வட்டு, ரப்பர், வெளிவளையம் மூன்றின் மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு, சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் வெளிக்கோடு இரண்டு விரல் தள்ளிப் போயிருந்தது. வளையம் ரப்பரை விட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் டைமிங் குறி வெளிவளையத்தில் இருக்கும் என்ஜின்களில், வழுக்கிய பிறகு அந்தக் குறியும் பொய் சொல்லும். சில சிறிய கார்களில் ரப்பரே இல்லாத வெறும் புல்லிதான் இருக்கும்; அங்கே இந்தச் சோதனை தேவையில்லை.

இதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. வளையத்தை வெல்டு வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டம் நிற்கும், தண்டின் பாதுகாப்பும் அத்தோடு போய்விடும். புல்லியை முழுதாகத்தான் மாற்ற வேண்டும். கழற்றும்போது, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரில் நகம் வைத்ததை வெளிவட்டத்தில் மாட்டி இழுத்தால் ரப்பர் கிழியும். நடு வட்டின் மரை ஓட்டைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லர்தான் சரி. புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி உள்ளே கிராங்கின் பேரிங்கில் போய் விழும். சில என்ஜின்களில், வால்வுகளைத் திறந்து மூடும் கேமைச் சுற்றவைக்கும் டைமிங் வீலைப் பிடித்திருப்பதே இந்த நடு போல்ட்டின் இறுக்கம்தான். கிராங்கையும் கேமையும் லாக் செய்யாமல் தளர்த்தினால் டைமிங் நகர்ந்து, வால்வு பிஸ்டனில் இடிக்கும். நீங்கள் போகும் பட்டறையில், போல்ட்டைச் சொன்ன அளவுக்குச் சரியாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. போல்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லியிருந்தால் புதிதே போடுங்கள். கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிட்டால், கசிவு புது ரப்பரைக் கெடுக்காது.

கழற்றிய பழைய புல்லியைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். காய்ந்த புளி போலப் பொடிந்து உதிர்ந்தது. புதியதை மாட்டியதும் அந்த மெக்கானிக் அதன் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். மலை இறங்கும் முன் பானட்டைத் திறந்து அதை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறோம்.