18 முடிந்த மறுநாள் பெற்றவர் கையெழுத்து செல்லாது

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தாய். மகனுக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. அவனுக்கு 18 முடிந்த மாதம், கணக்கில் கிடந்த உதவித்தொகையை எடுக்க வங்கிக்குப் போனார். "பையன் மேஜர், அவனே வந்து கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்றார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் அலைந்தார்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவே சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். குழு தரும் பாதுகாவலர் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே சொல்லிவிட்டது. கவுன்ட்டரில் தெரியாது என்றால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்து என்றதும் பலருக்கு ஞாபகம் திரும்புகிறது.

சிக்கல் அதற்கு முன்பே, மருத்துவச் சான்றில் தொடங்குகிறது. இந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும்தான். சான்றில் "மனநோய்" என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வாங்கிய இடத்திலேயே படித்துப் பாருங்கள். தமிழ்ப் படிவங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று இருப்பதும் ஆட்டிசம்தான். பெயர் வைத்தவர் இந்தப் பிள்ளைகளோடு ஒரு பகல்கூட இருந்ததில்லை போலும்.

மருத்துவச் சான்றுக்கான மதிப்பீட்டின்போது உளவியலாளர் கேட்பது, ஆட்டிசத்தை அளக்கும் "ஐசா" (ISAA) எனப்படும் 40 கேள்விகள். மதிப்பெண் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்றே ஆகிவிடும். இங்கே அம்மாக்கள் தெரியாமல் ஒரு தவறு செய்கிறார்கள். ஊரார் பேச்சுக்குப் பயந்து பழகியதால், "அவன் எல்லா வேலையும் செய்வான் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அவன் தானாகக் குளிக்கிறானா, நீங்கள் பத்து முறை சொல்லிக் குளிக்கிறானா என்பதைச் சொல்லுங்கள். 16 வயதில் வளர்ந்து நிற்கும் பையன் அந்த அறையில் பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டால், "நன்றாகத்தானே இருக்கிறான்" என்ற பேச்சு வரும். பஸ் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் உட்காரும் நாளை போனில் வீடியோ எடுத்து வைத்திருந்து, அதைக் காட்டுங்கள்.

ஆதாரையும் பாருங்கள். 15 வயதில் கைரேகை, கண் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். கூட்டமும் இயந்திரமும் பையனுக்கு ஆகாது என்று தள்ளிப்போட்டவர்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் மையம் திறந்ததும் முதல் ஆளாகப் போவது நல்லது.

மீஞ்சூர், அத்திப்பட்டு மக்கள் தங்களை வடசென்னை என்றே சொல்லிக்கொள்வார்கள். கோப்புக்கு அவர்கள் திருவள்ளூர் மாவட்டம். ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் காலை முழுவதும் நின்றுவிட்டு, மதியம் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பியவர்கள் உண்டு. திருவொற்றியூர்க்காரர்கள் சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பழைய ஆவணங்களில் திருவள்ளூர் என்று இருக்கும். அதையும் ஒருவர் நோண்டுவார்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது அப்பா கையெழுத்து விவகாரம். தாயும் தந்தையும் சேர்ந்து விண்ணப்பிப்பதுதான் வழக்கம். கணவர் விட்டுவிட்டுப் போன பெண்ணிடம், "அவரைக் கூட்டி வா, இல்லாவிட்டால் விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வா" என்கிறார்கள். ஒருவர் இறந்தாலோ, விவாகரத்தானாலோ, கைவிட்டுப் போனாலோ மற்றவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது. விண்ணப்பத்தோடு இணைக்கும் கடிதத்தில் "கைவிட்டுச் சென்றுவிட்டார்" என்று தேதியோடு எழுதுங்கள். "வெளியூரில் இருக்கிறார்" என்று மானத்துக்கு எழுதாதீர்கள், கோப்பு அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

17 வயதிலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் தேதி முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள்.

பாதுகாவலர் சான்று கைக்கு வந்ததும் எல்லோரும் மறக்கிற ஒன்று: ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். கொருக்குப்பேட்டைத் தாய்க்குப் பட்டியலில் எழுத இருந்தது அந்த ஒரே வங்கிக் கணக்குதான். ஒற்றை வரிதான் என்றாலும் அவர் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டார்.